பெட்டியில் போட்ட புயல்

வானம் எல்லாருக்கும் பொது என்று யாராவது சொன்னால் நம்பிவிட வேண்டாம். அந்தத் துறைமுக நகரத்தில் வானம் ஒரு சலவைக்கடையின் மாடியில், பதினெட்டு விதிகளுக்குக் கட்டுப்பட்டு, வானிலை ஆர்வலர் சங்கத்தின் பொறுப்பில் இருந்தது. ஒன்பது வருடமாகச் சங்கத்தின் ஈரப்பதமானி தொண்ணூற்றெட்டுக்குக் கீழே இறங்கியதே இல்லை. கீழ்த்தளத்தில் இஸ்திரிப் பெட்டிகள் விடும் நீராவி மாடிப்படி வழியாக ஏறி வருவதுதான் காரணம் என்று ஒரு புது உறுப்பினர் சேர்ந்த வாரமே சொன்னார். ஒன்பது வருடப் பதிவேட்டைப் பொய்யாக்கப் பார்க்கிறார் என்று அவர்மேல் கண்டனத் தீர்மானம் போட்டார்கள். அந்தப் பதிவேட்டை நம்பினால், அந்த ஊரில் எந்த நிமிடமும் மழை கொட்டலாம்.

அந்தப் புது உறுப்பினர்தான் சாவிக்காரர். பேருந்து நிலையத்தை ஒட்டி ஒரு கட்டில் அகலத்துக்கு அவருடைய கடை. சுவர் நிறைய வெட்டாத சாவிகள், மேசையில் பற்றுக்குறடு, நாலைந்து அரம். மூலையில் ஒரு பித்தளைக் காற்றழுத்தமானி. எந்தக் கப்பல்காரரோ அதன் பெட்டிக்குப் பூட்டு மாற்றக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவில்லை. அந்த முள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துப் பார்த்துத்தான் அவருக்கு இந்தப் பித்து பிடித்தது. சங்கத்தின் போட்டிப் பெட்டிக்கு இரட்டைப் பூட்டுப் போடப் போனவர், சுவரில் ஒட்டியிருந்த வரைபடங்களைப் பார்த்து வாயைப் பிளந்து நின்றார். தலைவர் "ஆர்வமா?" என்று கேட்டார். "ஆமா சார்." அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்கள். நீராவி விஷயத்துக்கு எழுத்தில் மன்னிப்பும் கேட்டுவிட்டார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர்.

தலைவர் கல்லூரியில் முப்பது வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிப்பதற்குள் பருவம் மாறிவிடும். செயலாளர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். தலைவர் எள் என்றால் இவர் எண்ணெயாக நிற்பார். விதிப்புத்தகம் எப்போதும் அவருடைய சட்டைப்பையில் இருக்கும். மூன்றாவது பெரிய மனிதர் புகைப்படக்கடை வைத்திருந்தார். கல்யாணப் படம் எடுக்கப் போன இடத்தில் மணமக்களை விட்டுவிட்டு மேகத்தைப் படம் பிடித்து வந்தவர் என்பதால் மேகக்காரர் என்று பெயர். இவர்களுக்குப் பின்னால் சுவரில் சங்கத்தின் குறிக்கோள் பெரிய எழுத்தில் இருந்தது: 'வருமுன் அறிவோம்.' 'காப்போம்' எங்கே என்று முன்பொரு தடவை யாரோ கேட்டபோது, "அது வேற துறை" என்றார் செயலாளர்.

சங்கத்தின் உயிர்நாடி உறைப் போட்டி. கடலில் ஒரு புயல் உருவானால் ஒவ்வொரு உறுப்பினரும் அது கரையைத் தொடும் இடத்தையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு, அரக்கு வைத்துப் பெட்டியில் இட வேண்டும். புயல் கரை கடந்தபின் பெட்டியைத் திறப்பார்கள். யாருடைய கணிப்பு மிக அருகில் இருக்கிறதோ அவருக்குச் சுழற்கோப்பை. இதற்குத்தான் ஏழாம் விதி. 'உறையில் எழுதியதை, புயல் கரை கடக்கும்வரை, சொல்லாலோ எழுத்தாலோ சைகையாலோ, வாழ்க்கைத்துணைக்கோ இரத்த உறவுக்கோ கூட வெளியிடலாகாது. மீறினால் நீக்கம்.' முன்பு மேகக்காரர் தன் கணிப்பை மச்சினனிடம் சொல்லப்போய், மச்சினன் அதைச் சலூனில் சொல்லப்போய், அங்கே முகம் மழித்துக்கொண்டிருந்த இன்னொரு உறுப்பினர் பாதி முகத்தோடு ஓடிவந்து தன் உறையை மாற்றிவிட்டாராம். அதிலிருந்து இந்த விதி.

சாவிக்காரர் இதுவரை பதினொரு உறை போட்டிருந்தார். பதினொன்றும் தப்பு. ஒரு தடவை முந்நூறு கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. அதைச் செயலாளர் இரண்டு முறை உரக்கப் படித்தார். அவர்களில் பட்டம் வாங்காதவர் இவர் ஒருவர்தான். நாற்காலி குறைந்தால் எழுந்து நிற்கிறவரும் இவர்தான்.

பன்னிரண்டாவது புயல் கிளம்பியபோது அரசு வானிலைத் துறை அது வடக்கே, நானூறு கிலோமீட்டர் தள்ளிக் கரை கடக்கும் என்று வரைபடம் போட்டது. சங்கத்தில் எல்லாரும் அந்தத் துறையை வாய் கிழியத் திட்டிவிட்டு, அந்த வரைபடத்தைப் பார்த்தே தங்கள் உறையை எழுதினார்கள். சாவிக்காரர் மட்டும் தன் அக்காவிடம் கேட்டார்.

அக்கா முகத்துவாரத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், ஐஸ் தொழிற்சாலைக்குப் பக்கத்து வரிசை வீடுகளில் தனியாக இருந்தாள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். தொழிற்சாலையில் ஐஸ் பாளங்களை உடைத்துக் கூடையில் போடும் வேலை. அம்மா போனபிறகு இவரை வளர்த்தவள் அவள்தான். இவரைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், படிப்பு ஏறவில்லை என்று தெரிந்ததும் கையைப் பிடித்துப் பூட்டுக்காரரிடம் கொண்டுபோய் விட்டதும் அவள்தான். செவ்வாய்க்கிழமை மதியம் அவளுக்கு போன் போட்டார்.

"அலை எப்படி இருக்கு அக்கா?"

"நின்னு நின்னு வருதுடா. காத்தே இல்ல, ஆனா அலை மட்டும் பெருசு பெருசா வருது. ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் நடுவுல பதினஞ்சு எண்ணலாம் போல."

"எந்தப் பக்கமிருந்து?"

"தென்கிழக்கு. அந்தக் கலங்கரை விளக்கம் இருக்குல்ல, அதுக்கு நேரா."

புதன்கிழமை காலையில் மறுபடி கேட்டார். "அதே பக்கம்தான்டா. இம்மி மாறல. ஆத்துத் தண்ணி கூட வடியல பாரு, அப்படியே நிக்குது."

சாவிக்காரர் போனை வைத்தார். புயல் வேறு எங்காவது போவதாக இருந்தால் அலை வரும் திசை மெல்ல மெல்ல நகரும். நகரவில்லை என்றால் அது நேராக உங்களை நோக்கித்தான் வருகிறது. இதைச் சங்கத்தின் நூலகத்தில் இருந்த ஒரே புத்தகத்தில் அவர் நாலு தடவை படித்திருக்கிறார். கடையிலிருந்த பித்தளை முள் காலையிலிருந்து இறங்கிக்கொண்டே இருந்தது.  தாளை எடுத்து எழுதினார்: 'முகத்துவாரம். ஐஸ் தொழிற்சாலைக்குத் தெற்கே. என் அக்கா வீட்டு வாசல். வெள்ளி, பகல் பதினொன்றிலிருந்து ஒன்றுக்குள்.' அரக்கு வைத்தார். ஐந்து மணிக்குப் பெட்டியில் போட்டார். தலைவர் ஒரு பூட்டையும் செயலாளர் இன்னொரு பூட்டையும் பூட்டினார்கள்.

மாடிப்படி இறங்கும்போதுதான் அவருக்கு உறைத்தது. அக்காவிடம் சொல்ல முடியாது.

வீட்டில் மனைவி முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "என்னங்க, அக்கா வீட்டுப் பக்கமா வருது?"

"நான் எதுவும் சொல்லல."

"சொல்லாட்டி என்ன, உங்க மூஞ்சி சொல்லுதே."

சைகையாலும் வெளியிடலாகாது என்பது நினைவுக்கு வந்து அவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மனைவி கொஞ்ச நேரம் அவருடைய முதுகைப் பார்த்தாள். "ஊர்ல இருக்கிற எல்லாப் பூட்டையும் திறக்கிறீங்க. உங்க வாயை எந்தப் புண்ணியவான் பூட்டினான்?"

அவள்தான் அக்காவை போனில் கூப்பிட்டாள். "அண்ணி, நீங்க கிளம்பி இங்க வந்துடுங்க" என்றாள். அக்கா சிரித்தாள். "தம்பி சொன்னானா?" என்று கேட்டாள். இவள் பொய் சொல்லத் தெரியாதவள். "அவர் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறார்" என்றாள். "அப்ப ஒண்ணும் இருக்காது. இருந்தா அவன் சொல்லாம இருப்பானா?" என்றாள் அக்கா.

இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு. மூன்று வருடத்துக்கு முன்னால், சங்கத்தில் சேருவதற்கு முன்பு, இவர் ஒரு புயல் வரும் என்று அக்காவை வரவழைத்தார். அவள் வீட்டைப் பூட்டி, பாத்திரங்களைப் பரண்மேல் ஏற்றி, பையும் மூட்டையுமாக வந்து இறங்கினாள். நாலு நாள் வெயில் மண்டையைப் பிளந்தது. திரும்பிப் போனதும் தொழிற்சாலை மேற்பார்வையாளர், "உன் தம்பி வானத்தைத் திறந்து பார்த்தானா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அக்கா இவரிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "அன்னிக்கு நீ தனியா சொன்னே. இப்ப படிச்சவங்க சங்கத்துல இருக்கே. இனிமே நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று மட்டும் சொன்னாள். சங்கத்தின் மேல் அவளுக்கு இருந்த மரியாதை சங்கத்தில் யாருக்குமே இல்லை.

வியாழக்கிழமை காலை கடையைத் திறக்காமல் சாவிக்காரர் நேராகத் தலைவரிடம் போனார். அக்காவிடம் மட்டும், ஒரே ஒரு ஆளிடம் மட்டும், சொல்லிக்கொள்ள அனுமதி கேட்டார். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் தனியா ஒரு முடிவு எடுத்தா அது சர்வாதிகாரம். செயற்குழுவைக் கூட்டலாம். விண்ணப்பம் எழுதிக் கொடுங்க."

எழுதினார். 'அக்கா' என்ற சொல்லைச் செயலாளர் அடித்து, 'மூத்த உடன்பிறந்தவர் (பெண்)' என்று திருத்தினார். செயற்குழுவுக்கு ஏழு பேர் வேண்டும். ஐந்து பேர்தான் இருந்தார்கள். மற்ற இருவர் துறைமுகக் கலங்கரை விளக்கத்தின் மேல் ஏறிக் காற்றை அளந்துகொண்டிருந்தார்கள். போனில் சம்மதம் வாங்கலாமே என்றார் சாவிக்காரர். போனில் வந்த குரல் அந்த உறுப்பினருடையதுதான் என்று யார் சான்றளிப்பது என்று கேட்டார் செயலாளர். காத்திருந்தார்கள். ஜன்னல் கதவு படீர் படீர் என்று அடித்தது. ஒவ்வொரு அடியையும் செயலாளர் நேரம் போட்டுப் பதிவேட்டில் எழுதினார். நாலு மணிக்கு அந்த இருவரும் நனைந்த கோழிகளைப் போல வந்து சேர, கூட்டம் தொடங்கியது.

தலைவர் பேசினார். "நண்பர்களே, கணிப்புங்கிறது ஒரு தூய்மையான பொருள். அது உறைக்குள்ள இருக்கிறவரைக்கும் அறிவியல். மக்கள் காதுல விழுந்துட்டா வதந்தி. இன்னிக்கு ஒரு உடன்பிறந்தவருக்குச் சொல்றோம். அவங்க பக்கத்து வீட்டுக்குச் சொல்லுவாங்க. அவங்க கிளம்புவாங்க. அவங்களைப் பார்த்து வரிசையே கிளம்பும். எல்லாரும் கிளம்பிட்டா அந்த இடத்துல புயலோட பாதிப்பு எவ்வளவுன்னு நாம எப்படி அளக்கறது?"

எல்லாரும் தலையாட்டினார்கள். சாவிக்காரர் எழுந்து நின்றார். "சார், அவங்க என்னைத்தான் நம்பியிருக்காங்க."

"அது சங்கத்துக்குப் பெருமை" என்றார் தலைவர்.

"நான் போட்டியிலேருந்து விலகிக்கிறேன் சார். என் உறையைக் கொடுத்துடுங்க."

"கரை கடக்கிறதுக்கு முன்னால பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒன்பதாம் விதி" என்றார் செயலாளர். "உறை உள்ள இருக்கிறவரைக்கும் நீங்க போட்டியாளர்தான். விரும்பினாலும் விலக முடியாது."

மேகக்காரர் இளகிய மனசுக்காரர். "கவனமா இருன்னு மட்டும் சொல்லட்டுமே. பாவம்" என்றார். 'கவனமா இரு' என்பது குறிப்பாகுமா ஆகாதா என்று முக்கால் மணி நேரம் விவாதம் நடந்தது. ஆகும் என்று நாலு பேர், ஆகாது என்று மூன்று பேர். கடைசியில் எந்த நாளிலும் எந்த உறவினரும் சொல்லக்கூடிய ஒரு வாக்கியம் மட்டும் அனுமதிக்கப்பட்டது: 'உடம்பைப் பார்த்துக்கோ.' தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்பார்கள். இங்கே பூசாரிகள் ஏழு பேர், கொடுத்தது இரண்டு சொல்.

சாவிக்காரர் கீழே இறங்கி, சலவைக்கடை வாசலில் நின்று அக்காவுக்கு போன் போட்டார். காற்றில் அவள் குரல் விட்டு விட்டுக் கேட்டது.

"அக்கா. உடம்பைப் பார்த்துக்கோ."

"உடம்புக்கு என்னடா, கல்லு மாதிரி இருக்கேன். கிளம்பணுமா வேண்டாமா, அதைச் சொல்லு. ஆறு மணிக்குக் கடைசி பஸ்."

அவர் வாயைத் திறந்தார். கோப்பைக்கு ஆசைப்படவில்லை, விதிக்கு மட்டும்தான் பயந்தார் என்று எழுத எனக்கும் விருப்பம்தான். ஆனால் அது பொய். பதினொரு தடவை சிரித்தவர்கள் முன்னால் ஒரு தடவை சரியாக இருக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு இருந்தது. இந்தத் தடவையும் தப்பாகி, அக்காவை மறுபடி மூட்டையோடு அலையவிட்டு, மேற்பார்வையாளர் மறுபடி சிரித்தால் என்ன செய்வது என்ற பயமும் இருந்தது. 

"அறிவிப்பு வரும் அக்கா. வந்ததும் சொல்றேன்."

"சரிடா. நீ சொன்னதும் கிளம்பறேன்."

வெள்ளிக்கிழமை விடிந்தபோது அரசு வரைபடத்தில் கோடு தெற்கே வளைந்து முகத்துவாரத்தில் வந்து நின்றது. சாவிக்காரர் விதியையும் சங்கத்தையும் தூக்கி எறிந்துவிட்டு போன் போட்டார். மணி அடிக்கவில்லை. மறுபடி போட்டார். நாற்பது தடவைக்கு மேல் போட்டார். பஸ் நிலையத்துக்கு ஓடினார். பஸ் எதுவும் போகவில்லை. சலவைக்கடை மாடியில் ஏழு பேர் காற்றழுத்தமானியைச் சுற்றி நின்று, முள் இறங்க இறங்க எண்களைக் கூவிக்கொண்டிருந்தார்கள். பகல் பன்னிரண்டு இருபதுக்கு முள் அடியைத் தொட்டது. அவர்கள் கைதட்டிய சத்தம் தெருவரை கேட்டது.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தபிறகு ஐஸ் தொழிற்சாலையின் பின்சுவர் ஓரம் ஒன்பது பேரைக் கண்டெடுத்தார்கள். அக்கா அதில் ஒருத்தி. மருத்துவமனைக் கூடத்தில் அவளைக் காட்டியபோது, காலையிலிருந்து வரிசையில் நின்ற சாவிக்காரருக்கு அழுகை வரவில்லை. அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டே நின்றார். வருடக்கணக்கில் ஐஸ் உடைத்து உடைத்து நகங்கள் நீலம் பாரித்திருந்தன. அது புயலுக்கு முன்பே அப்படித்தான் இருந்திருக்கும், தான்தான் கவனிக்கவில்லை என்று நினைத்தார். மனைவி அவரோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள். சாப்பாடு போட்டாள், துணி துவைத்தாள், பேசவில்லை.

பதினோராம் நாள் பெட்டி திறந்தார்கள். முதலில் இரங்கல் தீர்மானம். இரண்டு நிமிட மௌனத்தைச் செயலாளர் ஓட்டப்பந்தயக் கடிகாரம் வைத்து அளந்தார். ஒரு நொடி கூடவோ குறையவோ இல்லை. பிறகு உறைகளைப் பிரித்தார்கள். எல்லாம் வடக்கே. பதினெட்டாவது உறையைப் பிரித்துப் படித்த தலைவரின் குரல் நின்றது. மறுபடி படித்தார்.  அப்புறம் யாரோ கைதட்ட, எல்லாரும் தட்டினார்கள். சாவிக்காரருக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

"சங்க வரலாற்றிலேயே இப்படி ஒரு துல்லியம் கிடையாது" என்றார் தலைவர். அவருக்கு உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "இழப்பு தனிப்பட்டது. துல்லியம் பொதுச்சொத்து."

மேகக்காரர் எழுந்தார். அடுத்த இடம் அவருடையது. "எனக்கு வருத்தம் இல்லாம இல்ல. ஆனா 'என் அக்கா வீட்டு வாசல்'ங்கிறது ஒரு இடமா? அளந்து சரிபார்க்க வேண்டாமா?"

நியாயம்தானே என்றார்கள். மூன்று பேர் கொண்ட துணைக்குழு அமைத்தார்கள். வீட்டை அடையாளம் காட்டச் சாவிக்காரரையும் வரச் சொன்னார்கள். அவருக்கு அந்த இடத்தை ஒருமுறை பார்க்க வேண்டும் போல இருந்தது, தனியாகப் போகப் பயமாக இருந்தது. போனார்.

முகத்துவாரத்தில் வரிசை வீடுகள் இருந்த இடத்தில் மணல்மேடு இருந்தது. செயலாளர் அளவு நாடாவைப் பிரித்து, "வாசல் எதுன்னு காட்டுங்க" என்றார். சாவிக்காரர் இப்படி நடந்தார், அப்படி நடந்தார். நான்கு அடி போய் நின்றார், திரும்பி வந்தார். அவருக்குத் தெரியவில்லை. சங்கத்தில் சேர்ந்த இரண்டு வருடத்தில் அக்கா வீட்டுக்கு அவர் ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கத்தில் கூட்டம் இருக்கும்.

குடத்தோடு வந்த ஒரு பெண் இவர்களைப் பார்த்து நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி, அக்காவோடு ஐஸ் உடைத்தவள். "தம்பிதானே நீங்க? உங்க ஜாடை அப்படியே அக்கா ஜாடை" என்று சொல்லிவிட்டு, மணலில் ஒரு இடத்தைக் காலால் தொட்டுக் காட்டினாள். "இதான் வாசப்படி. இதுலதான் உக்காந்திருந்தா."

யாரும் கேட்காமலே அவள் சொன்னாள். "வியாழக்கிழமை சாயந்திரமே பையெல்லாம் கட்டிட்டா. செருப்புகூடப் போட்டுக்கிட்டா. கடைசி பஸ் போகுது, வா போகலாம்னு கூப்பிட்டேன். தம்பி போன் பண்ணுவான், பண்ணினதும் வர்றேன்னா. எனக்கும் மனசு கேக்கல, நானும் நின்னுட்டேன். விடியக்காலம் தண்ணி உள்ள வந்தப்ப நான் தொழிற்சாலை மாடிக்கு ஓடினேன். அவ போனை ஒரு கையில தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வந்தா. நனையக் கூடாதுன்னு. பாதி வழில திரும்பிப் பார்த்தா, பின்னால ஆள் இல்ல."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு நாடாவின் ஒரு முனையைச் சாவிக்காரரின் கையில் கொடுத்து அந்த இடத்தில் நிற்க வைத்தார். மேகக்காரர் மறுமுனையை இழுத்துக்கொண்டு, அரசு அறிக்கையில் புயல் கரை கடந்ததாகப் புள்ளி போட்டிருந்த இடத்துக்கு நடந்தார். செயலாளர் ஒரு படிவத்தை எடுத்து, பேனாவோடு அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"இடத்தை நீங்கதான் காட்டினீங்க. சாட்சியா ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா."

"எதுக்கு சாட்சி?"

"புயல் இங்கதான் வரும்னு இவர் ரெண்டு நாளைக்கு முன்னாலயே சரியா சொல்லிட்டார். அதுக்கு."

அவள் சாவிக்காரரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை, புரியாமல்தான் பார்த்தாள்.

"யார்கிட்ட சொன்னார்?"

செயலாளர் படிவத்தைப் பார்த்தார். சாவிக்காரர்தான் பதில் சொன்னார்.

"எழுதிப் பெட்டியில போட்டேன்மா."

அவள் பேனாவைச் செயலாளரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு தொழிற்சாலைக் குழாயை நோக்கிப் போய்விட்டாள். தூரத்திலிருந்து மேகக்காரர், "நாடாவைத் தளரவிடாதீங்க, அளவு தப்பாயிடும்" என்று கத்தினார். சாவிக்காரர் நாடாவின் முனையைப் பிடித்தபடியே மணலில் உட்கார்ந்து, பதினைந்து நாளில் முதல் தடவையாக, வாய்விட்டு அழுதார்.